அடுப்பை நோக்கி நீளாத கை

என் ஒன்பது வயது மகளுக்கு ஜப்பானியப் புறநகர் மின்ரயில் வீடியோக்கள் என்றால் உயிர். அங்கே ஓட்டுநர்கள் தவறு நேராதிருக்க ஒவ்வொரு சிக்னலையும் கைநீட்டிக் காட்டி, வாய்விட்டுச் சொல்வார்கள். இவளும் வீட்டிலிருந்து புறப்படுமுன் அடுப்பு, யன்னல், கதவு என்று கைகாட்டிச் சொல்வாள். ஒருநாள் இங்கே மொன்றியல் நகர மெற்றோ ரயிலிலும் அப்படிச் செய்தாள். எல்லோரும் திரும்பிப் பார்க்க, எனக்கு வெட்கமாகிவிட்டது.

“இனிமேல் கை நீட்டக்கூடாது. ஆக்கள் என்ன நினைப்பினம்?” என்று அதட்டினேன்.

மறுநாள் இருவரும் கடைக்குப் போய்த் திரும்பியபோது எங்கள் யன்னலில் புகை. பருப்புச் சட்டியை அடுப்பில் மறந்திருந்தேன். இருமிக்கொண்டிருந்த மேல்மாடி வீட்டுக் குழந்தையைத் தீயணைப்பு வீரர் ஒருவர் தூக்கி வந்தார்.

“அடுப்பு நிப்பாட்டாமக் கிடந்ததை நான் கண்டனான், அம்மா,” என்றாள் மகள். “நீங்கள்தானே கை நீட்டக்கூடாதெண்டு சொன்னனீங்கள்.”

இப்போது புறப்படும்போதெல்லாம் நான்தான் அடுப்பை நோக்கிக் கைநீட்டிச் சொல்கிறேன். அவள் கைகளைச் சட்டைப்பைக்குள் வைத்தபடி கதவருகே நிற்கிறாள்.