தட்டினால் ஓடும் டிராக்டர்

அவருக்குப் 'போதும்' என்று பட்டப்பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. நாலு ஆணி வேண்டிய இடத்தில் இரண்டை அடித்துவிட்டு, "இது போதும்" என்பார். வீட்டுக் கதவின் மூன்று கீல்களில் ஒன்று விழுந்தபோது, "ரெண்டு போதும்" என்றார். இரண்டாவதும் விழுந்தபோது கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, காற்றோட்டத்துக்கு நல்லது என்று விளக்கம் கொடுத்தார். கதவாவது சாய்த்து வைக்கக்கூடிய பொருள். இந்த மனுஷனை எங்கே சாய்த்து வைப்பது என்பதுதான் அவர் மனைவிக்கு இருபத்திரண்டு வருஷமாகத் தெரியவில்லை.

அவள் எண்ணெய்க் கடையில் அளந்து ஊற்றுகிறவள். காலை எட்டுக்குப் போனால் மாலை ஆறு வரை தகர டின்னை உடைப்பது, சாய்ப்பது, ஊற்றுவது. குடும்பம் ஓடியது அந்தச் சம்பளத்தில். அவர் செய்த தொழில், டிராக்டர் வைத்திருப்பது.

டிராக்டர் என்பது மரியாதைக்குச் சொல்வது. மூடப் போகிற நாற்றுப் பண்ணை ஒன்றிலிருந்து வாங்கிய ஒற்றை சிலிண்டர் வண்டி. பெரிய டிராக்டர்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினால், கோபித்துக்கொண்டு குந்தியிருக்கிற குழந்தை மாதிரி இருக்கும். ரேடியேட்டரில் ஓட்டை விழுந்தபோது சலவை சோப்பைத் தேய்த்து அடைத்தார். ஓடும்போது நுரை வரும். சைலன்சரில் பால் பவுடர் டப்பாவைச் சுற்றிக் கம்பி போட்டுக் கட்டினார். இரண்டு விளக்கில் ஒன்றை விற்று, அந்தக் காசில் சீட்டுக்குச் சாக்கு வாங்கித் தைத்தார். மெக்கானிக் யாரையும் கிட்டே விடமாட்டார். "கொள்ளைக்காரப் பசங்க. திருகாணியைத் திருகறதுக்கு ஒரு விலை, எந்தத் திருகாணின்னு சொல்றதுக்கு ஒரு விலை" என்பார். அதைச் சொல்லும்போது ஏதோ பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்தவர் போல் மீசையைத் தடவிக்கொள்வார்.

அந்த வருஷம் வண்டிக்குப் புது வியாதி வந்தது. கிளம்பும், கால்மணி நேரம் ஒழுங்காக ஓடும், பிறகு குரல்வளையைப் பிடித்த மாதிரி இருமி நின்றுவிடும். அவர் இறங்குவார். டேங்க் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டு டீசல் இருக்கிறதா என்று பார்ப்பார். மூடுவார். ஸ்பானரை எடுத்து இன்ஜினின் இடது விலாவில் மூன்று தட்டுத் தட்டுவார். கைப்பிடியைப் போட்டுச் சுற்றினால் வண்டி ஓடும். தட்டியதால் ஓடியது என்று முடிவு கட்டிவிட்டார். தட்ட வேண்டிய இடத்தைச் சாக்கட்டியால் வட்டம் போட்டு வைத்தார். மூன்றுக்குப் பதில் நாலு தட்டினால் கெடுதல் என்றும் கண்டுபிடித்தார். தெருவில் நின்று பார்த்தவர்கள் தலையை ஆட்டினார்கள், ஆட்டிவிட்டு வீட்டுக்குள் போய்ச் சிரித்தார்கள். அது அவளுக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்தாலும் எருமை மேல் மழை பெய்த கதைதான்.

கால்மணிக்கு ஒரு தரம் நிற்கிற வண்டியை உழவுக்கு யார் கூப்பிடுவார்கள்? வெளிவேலை நின்றுபோனது. அது போகட்டும். அவளுடைய நிலம் கிடந்தது. அப்பா அவளுக்கென்று எழுதி வைத்த இரண்டு துண்டு. திங்கட்கிழமை கால்வாயில் தண்ணீர் விடுகிறார்கள். அதற்குள் உழுது விதைத்தால் உண்டு. போன வருஷம் தரிசாகவே போட்டாயிற்று. இந்த வருஷமும் விதைக்கவில்லை என்றால் ஐந்து வருஷக் குத்தகைக்குக் கணவரின் அண்ணனிடம் விட்டுவிடுவது என்று பெரியவர்களை வைத்துப் பேசி, அவளும் தலையாட்டியிருந்தாள். அந்த மூத்தவர் பத்திரம் எழுதுகிறவர். அவர் கைக்குப் போன நிலம் திரும்பி வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

வெள்ளிக்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவளே வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். அது அவளுக்குப் புதிதில்லை. அவர் முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றும்போதெல்லாம் சீட்டில் உட்கார்ந்து கிளட்சை மிதிப்பது அவள்தான். அப்படியே ஓட்டவும் பழகியிருந்தாள்.

ஓட்டிப் பார்க்கத் தெருவை நாலு சுற்றுச் சுற்றுவதற்குள் வண்டி இருமி நின்றது.

அன்றைக்கு நாலு பேர் வேடிக்கை பார்க்க, அவருக்குக் கொஞ்சம் மிதப்பு வந்துவிட்டது. குச்சி, மூடி எதையும் தொடாமல் நேராக ஸ்பானரை எடுத்து வட்டத்தில் மூன்று தட்டினார். சுற்றினார். கிளம்பவில்லை. மறுபடி தட்டினார். வட்டத்துக்கு வெளியே தட்டினார். வியர்த்து ஊற்றியது.

"தட்டெல்லாம் இனிமே பத்தாது. டீசல் பம்ப்தான் போயிருக்கு. பழைய சாமான் கடைக்காரர் அன்னைக்கே சொன்னார்."

"அவர் வந்து வண்டியைப் பார்த்தாரா?"

"பாக்கணுமா? சத்தம் எப்படி வருதுன்னு நான் செஞ்சு காட்டினேன். புரிஞ்சுக்கிட்டார்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அவர் வேறு வழியில்லாமல் குச்சியை எடுத்து, டேங்க் மூடியைத் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டது.

பத்து வருஷமாக அவள் காதில் விழுகிற சத்தம் அது. எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுச் சாய்த்தால் ரெண்டு கரண்டி ஊற்றிவிட்டு அடைத்துக்கொள்ளும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை குத்தினால் உஸ்ஸென்று காற்று ஏறும், எண்ணெய் கம்பியாக இறங்கும். கடையில் புதிதாக வந்த ஆளுக்குக்கூட அரை நாளில் தெரிந்துவிடுகிற விஷயம். அவள் இறங்கிப் போய் மூடியை அவர் கையிலிருந்து பிடுங்கித் திருப்பிப் பார்த்தாள். உள்பக்கம், காற்றுக்கென்று விட்டிருந்த ஊசித் துளையின் மேல், சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டிப் பசை போட்டு ஒட்டியிருந்தது. வாழ்நாளில் அந்த மனுஷன் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை.

"இதை யாரு ஒட்டினது?"

"நான்தான். அது வழியா டீசல் ஆவியாப் போகுது. சும்மா விடச் சொல்றியா?"

அவள் கொண்டை ஊசியை உருவி ரப்பரை நெம்பிப் பிய்த்து எறிந்தாள், துளையைக் குத்திச் சுத்தம் செய்தாள். மூடியைப் போட்டுச் சுற்றச் சொன்னாள். வண்டி ஓடியது. கால்மணி தாண்டியது, அரைமணி தாண்டியது, தெருவை ஒன்பது சுற்றுச் சுற்றியும் இருமவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான். வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, இன்ஜினை அணைக்காமலே சொன்னாள்:

"கலப்பையை மாட்டுங்க. இன்னைக்கே ஒரு துண்டை முடிச்சிடலாம்."

அவர் வானத்தைப் பார்த்தார். பிறகு செருப்பைப் பார்த்தார்.

"கலப்பை இல்லம்மா."

"எங்க போச்சு?"

"பம்ப் வாங்கணுமே. அதான் நேத்து அண்ணன்கிட்ட..." என்று இழுத்தார். வாசலில் ஒரு சாக்கு கிடந்தது. அதற்குள்தான் பம்ப் இருந்தது. "டிராக்டர் ஓடினாத்தானே கலப்பைக்கு வேலை. நல்லா யோசிச்சுத்தான் செஞ்சேன்."

அவர் யோசித்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. யோசிக்காமல் செய்திருந்தால்கூட மன்னித்திருப்பாள். அந்தச் சாக்கைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அவரைப் பின்னால் ஏறச் சொல்லி, வண்டியை நேராகப் பழைய சாமான் கடைக்கு விட்டாள். கடைக்காரர் முகம் சுளித்தார், ஆனால் கட்டுப் பிரிக்காத பம்பைத் திருப்பி எடுத்துக்கொண்டார். பணத்தில் கொஞ்சம் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார். குறைந்ததை எண்ணெய்க் கடையில் அட்வான்ஸ் வாங்கிச் சரிக்கட்டினாள்.

மூத்தவர் தன் முன்னறையில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். பெஞ்சில் மூன்று பேர் பத்திரத்துக்குக் காத்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே கலப்பை தெரிந்தது. அவருடைய பெரிய டிராக்டருக்கு அது ஒட்டவே ஒட்டாது. எதற்கு வாங்கினார் என்பது அவளுக்கு அப்போது விளங்கியது. பயமாகவும் இருந்தது, அருவருப்பாகவும் இருந்தது. அண்ணன் தம்பியில் ஒருவருக்கு மூளை இல்லை, இன்னொருவருக்கு அது மட்டும்தான் இருந்தது.

பணத்தை மேஜையில் வைத்தாள். "கலப்பையைக் குடுத்துடுங்க மாமா."

"வித்த பொருளைத் திருப்பிக் கேக்கறது நல்லா இருக்காதும்மா" என்றார் அவர், பேனாவை மூடாமல்.

"வித்தது இவர். கலப்பை எங்கப்பா எனக்குக் குடுத்தது. விக்கறவருக்கு உரிமை இருக்கான்னு கேட்டுட்டுத்தானே நீங்க ஊருக்கெல்லாம் எழுதறீங்க? இவர்கிட்ட அதைக் கேக்கலையா?"

பெஞ்சில் இருந்த மூன்று பேரும் தங்கள் காகிதங்களை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள். மூத்தவர் அதைக் கவனித்தார். பேனாவை மூடினார். பணத்தை எண்ணாமலே இழுப்பறையில் போட்டு, "எடுத்துக்கிட்டுப் போ" என்றார்.

நிலத்துக்கு வந்து சேரும்போது மணி மூன்று. ஒரு வருஷம் தரிசாகக் கிடந்த மண் கல்லாக இறுகியிருந்தது. கலப்பையை இறக்கி முதல் உழவுச்சால் ஓட்டிப் பார்த்தாள். கலப்பையின் கொழுமுனை மண்ணுக்குள் போகாமல் மேலாகக் கீறிக்கொண்டு வந்தது. பாரம் வேண்டும். சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒரு கல்லோ மணல் மூட்டையோ இல்லை. வரப்பில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

"ஏங்க, கலப்பை மேல ஏறி உக்காருங்க."

"நானா?"

"வேற யாரு இருக்கா?"

ஏறி, சட்டத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் கிளட்சை விட்டாள். கொழு அழகாக இறங்கியது. ஈரம் பட்ட கறுப்பு மண் புரண்டு வந்தது. ஒரு சால், இரண்டு சால், ஐந்து சால். பின்னாலிருந்து அவர் பேசிக்கொண்டே வந்தார். இன்ஜின் சத்தம் எப்படி இருக்கிறது பார், நான் தட்டித் தட்டிப் பழக்கி வைத்தது என்றார். மெதுவாகப் போ, இடுப்பு நோகிறது என்றார். பத்தாவது சாலில் திரும்பும்போது தோளைத் தட்டினார்.

"நீ இறங்கிக்க. நான் ஓட்டறேன். எனக்குத்தானே இந்த வண்டியைப் பத்தித் தெரியும்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "நீங்க இறங்கினா கொழு மேல வந்துடும். அங்கேயே இருங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த சாலுக்கு வண்டியைத் திருப்பினாள்.