கழுவிக் கவிழ்த்த செருப்பு

அம்மாவும் நானும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை மணல் சலித்தது. வீட்டுக்குப் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே. நான் அள்ளிப் போட்டேன். அவள் சல்லடையை ஆட்டினாள். வழக்கம்போலத் திட்டிக்கொண்டே இருந்தாள். மணலைச் சிந்தியதற்காக என்னை, சுட்டதற்காக வெயிலை, எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் தம்பியை. உறவுக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் முள்ளு. அவளுக்குத் தெரியும், பிடிக்கவும் செய்தது.

அம்மா நாற்று வளர்ப்பவள். கல்குவாரி தோண்டி முடித்த மேட்டுச் சரிவில் திரும்ப நடுவதற்காக, அந்த மேட்டிலேயே பிறந்த புதர்களையும் மரங்களையும் விதையிலிருந்து எடுப்பாள். எனக்கு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அந்த மேட்டு மண்ணைச் சோதித்திருக்கிறேன். அதில் பாஸ்பரஸ் என்னும் மணிச்சத்து இருக்கிறதென்று எழுதவே கூச்சமாக இருக்கும், அவ்வளவு குறைவு. அங்கே வாழும் புதர் அதற்கேற்ப வேர் விடுகிறது. பாட்டில் கழுவும் பிரஷ் போல நெருக்கமான மயிர்வேர்கள். அவை அமிலம் கசிந்து, மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் சத்தைக் கரைத்து உறிஞ்சும். இலையை உதிர்க்கும் முன் அதில் உள்ளதையும் திரும்ப இழுத்துக்கொள்ளும். எடுக்கத் தெரிந்த அந்த வேருக்கு நிறுத்தத் தெரியாது. கொட்டிக் கொடுத்தால் குடித்துக் குடித்தே சாகும்.

மாமா குவாரியில் மேற்பார்வையாளர். அம்மா நெஞ்சுவலியென்று மருத்துவமனையில் கிடந்தபோது, மேலதிகாரிகள் நாற்றுகளைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. மாமா கண்ணுக்கு எல்லாம் குட்டையாகத் தெரிந்தன. அக்கா பேர் கெடக் கூடாதென்று, பாத்தி பாத்தியாக மணிச்சத்து உரமான சூப்பர் பாஸ்பேட் தூவித் தண்ணீரும் விட்டார். அம்மா திரும்பியபோது இலைகள் மஞ்சளாகி ஓரம் கருகியிருந்தன. சுவரோரப் பாத்தி மட்டும் தப்பியது. அதற்குள் மூட்டை தீர்ந்துவிட்டது.

"சோறு போட்டவன இப்படிப் பேசறியேக்கா," என்றார் மாமா.

"பட்டினில பழகினதுக்கு நீ போட்டது சோறு இல்லடா, வாய்க்கரிசி. இனி என் வாசப்படி மிதிக்காத."

தப்பிய கன்றுகளைச் சுத்தமான மணலுக்கு மாற்றத்தான் அன்று சலித்தோம். வெறும் மணல் போதாது. மேட்டில் நிற்கும் பழைய மரங்களின் அடிமண் ஒரு வாளி கலக்க வேண்டும். வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சை அதில்தான் இருக்கிறது. வெட்டாமல் மிச்சமிருப்பது குவாரியின் ஒரே ஓரம். கேட் சாவி மாமாவிடம்.

நான் கேட்டுப் பார்க்கட்டுமா என்றேன்.

"அவன்கிட்டக் கை நீட்டறதுக்குப் பதிலா செடியே சாகட்டும்."

மறுநாள் விடிவதற்குள் அவள் போய்விட்டாள். அதே நெஞ்சுவலி.

மாமா வந்து அழுதார். நான் நாற்காலி போடவில்லை. அவள் நெஞ்சைக் கெடுத்தது உரம் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் போடவில்லை.

எல்லாரும் கலைந்த பிறகு, வாசற்படிக்கு வெளியே நின்றபடி அவர் சொன்னார்: "முந்தின நாள் சாயங்காலம் போன் பண்ணினா. 'காலைல வாளியோட வரேன், கேட்டத் திறந்து வை'ன்னா. நான் வாயத் திறக்கறதுக்குள்ள வச்சுட்டா."

நான் நம்பவில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். கதவோரம் வாளி இருந்தது, உள்ளே களைக்கொத்து. பக்கத்தில் அவளுடைய ரப்பர் செருப்பு, கழுவிக் கவிழ்த்தபடி. பாத்தியில் மிதித்த உரம் மேட்டு மண்ணில் ஒட்டிவிடக் கூடாதென்று கழுவியிருக்கிறாள்.

"நாளைக்கு வெட்டற மெஷின் அந்த ஓரத்துக்கு வருது," என்றார் மாமா. "அதுக்கு முன்னாடி, விடிஞ்சதும் கேட்டத் திறந்து வைக்கறேன். நீ என்கிட்டப் பேச வேண்டாம்."

பேசப் போவதில்லை. என் செருப்பையும் கழுவிக் கவிழ்த்தேன். வாளியை வண்டியில் கட்டியாயிற்று. அது இன்னும் காலிதான்.