ஒரு ஆம், ஒரு இல்லை

சங்கரன்கோவிலில் சங்கரனும் கோமதியும் தெருவுக்குப் பத்துப் பேர். அதனால் எங்கள் வங்கிக் கவுண்டரில் இருந்த ஞானபூரணம் ஊரையும் சேர்த்தே கூப்பிடுவாள். "மேலநீலிதநல்லூர் கோமதித்தாய், வாங்க!" 1981-இல் வந்த புது மேனேஜருக்கு இது சந்தைக்கடையாகப் பட்டது. இனி டோக்கன் நம்பர் மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்.

முதல் வாரமே வாசுதேவநல்லூர் பேச்சி மாட்டிக்கொண்டாள். எழுத்தறியாத பெண். ஒன்பதாம் நம்பர் பித்தளை டோக்கனைத் தலைகீழாகப் பிடித்துப் பக்கத்து ஆளிடம் காட்ட, அவர் ஆறு என்றார். ஆறைக் கூப்பிட்டதும் போனாள். உன் நம்பர் இல்லை என்று விரட்டினார்கள். ஒன்பதைக் கூப்பிட்டபோது அசையவில்லை. கதவைச் சாத்தும் நேரம் ஞானபூரணம் எழுந்து, "வாசுதேவநல்லூர் பேச்சி! இன்னும் ஏன் இங்கனயே உக்காந்திருக்கிய?" என்று சத்தமாகவே கூப்பிட்டாள். மறுநாள் ஞானபூரணத்தைப் பின்னறைத் தபால் பிரிவுக்குத் தள்ளினார் மேனேஜர்.

எட்டு மாதம் கழித்துத் தலைமை அலுவலகம் ஒரு படிவம் அனுப்பியது. இரண்டே கேள்வி. வங்கியைச் சொந்தமாக நினைக்கிறீர்களா? வேலையில் திருப்தி உண்டா? கேஷியரான நானும் மற்றவர்களும் மேனேஜர் முகத்தைப் பார்த்துக்கொண்டே 'ஆம், ஆம்' என்று எழுதினோம். வெட்கம் கெட்ட கூட்டம். ஞானபூரணம் 'ஆம், இல்லை' என்று எழுதினாள். ஆபீசர் பதவிக்கு அவள் பெயர் போகவேண்டிய மாதம் அது.

"சொந்தமா நினைக்கிறவங்களுக்குத் திருப்தி எப்படி இல்லாமப் போகும்?" என்று மேனேஜர் எங்கள் முன்னாலேயே கேட்டார்.

"சொந்தமா நினைக்கதாலதான் சார் வயிறு எரியுது. யார் வீடோன்னு நினைச்சா, எந்த மூலையில போட்டாலும் திருப்தியா கெடப்பேன்."

"பதிலை மாத்துங்க. மாத்தினாத்தான் லிஸ்ட்ல உங்க பேரு."

"உங்க கையில இருக்கது நகல் சார். அசல் காலைத் தபால்லயே போயிட்டு. தபால் வேலையை எனக்குத் தந்தது நீங்கதான?"

எங்களுக்குச் சிரிப்பு முட்டியது. ஒருவரும் சிரிக்கவில்லை.

மேனேஜர் அவள் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. உத்தரவு வந்த அன்று ஞானபூரணம் பின்னறையிலிருந்து நேராக என்னிடம் வந்தாள்.

"சந்தோசம் அண்ணாச்சி. வேலையில திருப்திதான?" என்று எல்லோர் முன்னும் கேட்டாள்.