ஜெராய்தான் உயரம்

இன்று அப்பாவுக்கு முதல் டயாலிசிஸ். எங்கள் ஊர் குருணில் இருக்கும் டயாலிசிஸ் சென்டரில் கட்டிலில் படுக்க வைத்தார்கள். ஊசி குத்தியதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

டிவியில் தமிழ் வினாடி வினா ஓடிக்கொண்டிருந்தது.

"கெடா மாநிலத்திலேயே உயரமான மலை எது?"

எல்லாக் கட்டிலிலிருந்தும் ஒரே சத்தம். "ஜெராய் லா! இதெல்லாம் ஒரு கேள்வியா?"

தினமும் வாசலைத் திறந்தால் எதிரில் நிற்கிற மலை. நாங்கள் வேறு எதைச் சொல்வோம்?

போட்டிக்கு வந்த பெண்ணும் அதையேதான் சொன்னார். தவறாம்! பேராக் எல்லையிலிருக்கும் பிந்தாங் மலைதான் உயரமாம்.

அப்பா சட்டென்று டிவி பக்கம் திரும்பினார்.

"யாரு சொன்னா? அவன ஒரு நாளைக்கு குருண் வந்து பாக்கச் சொல்லு லா!"

எதிர்க் கட்டில் அக்கா, ஊசி இல்லாத கையால் கட்டிலைத் தட்டிச் சிரித்தார். "அப்படிக் கேளுங்கண்ணே! வியாழக்கெழமையும் வருவீங்கல்ல?"

"வராம? இன்னும் என்னென்ன தப்பா சொல்றானுங்கன்னு பாக்கணும்ல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கேள்வியை எழுதிய புண்ணியவான் யாரோ, நன்றி.

வீட்டுக்கு வந்து கூகுளில் தேடினேன். டிவி சொன்னதுதான் சரி.

ஜெராய்க்காரர்கள் கமெண்டில் தாராளமாகச் சண்டைக்கு வரலாம். அப்பாவிடம் மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.