கண்ணாடி மாட்டாத விளக்கு

அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது அவளுடைய உயரம். ஊமைப்படம் எடுக்கும் அந்தக் கூடத்தில் விளக்குப் போடுகிறவன் அவள் அண்ணன். ஒருநாள் மதியச் சாப்பாடு கொண்டுபோனவளை நாயகி நின்ற சுவரோரம் நிறுத்தி, சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தான். நூலளவும் வித்தியாசமில்லை. அன்றோடு அவள் பெயர் போயிற்று. எல்லோருக்கும் அவள் ‘அளவு’.

“அளவு, இங்க வந்து நில்லு.” “அளவு, தாடையத் தூக்கு.” அவ்வளவுதான் வேலை. அந்தக் காலத்து ஃபிலிமுக்கு எவ்வளவு வெளிச்சம் கொட்டினாலும் போதாது. கண்ணாடிக் கூரை வழியாக வரும் வெயில், ஒரு மேகம் வந்தால் காலை வாரிவிடும். அதற்காகத்தான் ஆர்க் விளக்குகள். இரண்டு கரிக்குச்சிகள் தொட்டும் தொடாமலும் நிற்க, நடுவில் மின்சாரம் தாவி எரியும். சீறும், சாம்பல் உதிரும். மூக்கின் நிழல் உதட்டில் விழாமல் விளக்கை எப்படித் திருப்புவது என்று கேமராமேன் மணிக்கணக்கில் பார்ப்பார். அவ்வளவு நேரமும் அவள் நிற்பாள். எல்லாம் சரியானதும் நாயகி வந்து நடித்துவிட்டுப் போவாள்.

விளக்குக்கு முன்னால் மாட்ட ஒரு தடித்த கண்ணாடி உண்டு. அது எதைத் தடுக்கிறது என்று அங்கே யாருக்கும் தெரியாது. மாட்டினால் கண் எரியாது என்பது மட்டும் தெரியும். ஆனால் சூட்டில் விரிசல்விடும். வேறு வேண்டுமென்றால் கப்பலில் வர வேண்டும். எனவே நாயகி வந்தால்தான் கண்ணாடி என்று கேமராமேன் சட்டம் போட்டிருந்தார்.

வீடு திரும்புவதற்குள் அவள் கண்ணில் யாரோ மணலை வாரிப் போட்டதுபோல் இருக்கும். “ரெண்டு நாள்ல சரியாயிடும்” என்று அண்ணன் ஈரத்துணி போடுவான். அண்ணி விடமாட்டாள். “சும்மா நிக்கிறதுக்கு இத்தனை சீராட்டா? நானும்தான் அடுப்புப் பக்கத்துல நிக்கிறேன். எனக்கு யாரு துணி போடுறா?”

மூன்றாம் வருடம் சரியாகவில்லை. எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கறை. ஒரு காலையில் அண்ணன் முகத்தில் காது இருந்தது, மூக்கைக் காணோம்.

“அண்ணே, ஒரே ஒரு நாள் எனக்கும் அந்தக் கண்ணாடியப் போடேன்.”

“ஒண்ணுதான் மிச்சமிருக்கு. ஒடஞ்சா என்னத் தூக்கிடுவாங்கம்மா.”

“என் கண்ணு போயிட்டிருக்குண்ணே.”

அன்று கேமராமேன் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்தபோது அண்ணன் கண்ணாடியை மாட்டினான். “என்னடா, வெளிச்சம் மங்குது?” என்று துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. “கரி மட்டம் சார்” என்றான். அரைமணி நேரம் அவள் கண்ணை முழுதாகத் திறந்து நின்றாள்.

நாயகி வந்து நின்றதும் கண்ணாடி பட்டென்று தெறித்தது.

“எடுங்கடா, வெயில் போயிடும்” என்றார் கேமராமேன். நாயகியிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அன்று பொழுதுக்கும் வெறும் விளக்கின் முன் நடித்தவளுக்கு மறுநாள் இமையைப் பிரிக்க முடியவில்லை.

வெளிச்சம் மங்கியது கேமராமேனுக்கு நினைவு வந்தது. “நேத்து கண்ணாடிய முன்கூட்டியே மாட்டினது யாரு?” என்று கேட்டார்.

அண்ணன் தங்கையைப் பார்க்காமல் சொன்னான். “இவதான் சார் கெஞ்சினா. நான் வேணாம்னுதான் சொன்னேன்.”

“மகாராணிக்குக் கண்ணாடி கேக்குதாம்!” கேமராமேன் சிரிக்க, கூடமே சிரித்தது.

துரத்திவிடுவார்கள் என்று அவள் காத்திருந்தாள். துரத்தியிருந்தால் மிச்சப் பார்வையாவது பிழைத்திருக்கும்.

“நாளைக்கு இந்த செட்டைப் பிரிச்சாகணும். தூரத்துல எடுக்கிறதையெல்லாம் இவள வெச்சு முடிச்சிடலாம். ஒடச்சவளே நிக்கட்டும். மாட்டேன்னா அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்தே கிளம்பலாம்” என்றார் கேமராமேன்.

“இன்னிக்கு ஒரு நாள்தாம்மா” என்றான் அண்ணன், அவள் காதோரம். “புள்ளைங்க இருக்கு.”

நாயகி போடும் மஞ்சள் ஒப்பனைப் பூச்சை முகத்தில் அப்பி அவளை நிறுத்தினார்கள். வழக்கமாக முகத்துக்கு நேரே ஒரு விளக்குதான்; அன்று தூரத்துக் காட்சிக்காக நாலு விளக்கும் எரிந்தன. ஒன்றுக்கும் கண்ணாடி இல்லை. காலையில் தொடங்கியது மதியம் தாண்டியும் நீண்டது.

“பலே!” என்றார் கேமராமேன். “பாருங்கடா, கண்ணு சிமிட்டவே இல்ல. நாயகிகூட இப்படி நின்னதில்ல.”

ஏணிமேல் இருந்த அண்ணன் பார்த்தான். அவள் சீறல் வந்த பக்கமாகத் தாடையைத் திருப்பி, விளக்கு எங்கே என்று காதால் தேடிக்கொண்டிருந்தாள். கரி தேய்ந்து இடைவெளி கூடி விளக்கு துடித்தது.

“மேல தூங்குறியா? வெளிச்சம் கொறையுதுடா!”

அவன் குச்சிகளை நெருக்கி வைத்தான்.