கேட்டுக்கு வெளியே மூன்று தட்டு

சேலம் டவுனில் இருபத்தெட்டு வருஷம் நர்ஸாக வேலை பார்த்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, நானும் வீட்டுக்காரரும் புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிவந்தோம். அவர் ரிக் லாரியில் கம்ப்ரசர் மெக்கானிக்காக இருந்தவர். பாதி ஆயுளை வெளி மாநிலங்களில் போர்வெல் போடுகிற இடங்களிலேயே கழித்தவர். முட்டி தேய்ந்த பிறகு திருச்செங்கோட்டில் ஒரு பட்டறைக்கு வாரத்தில் மூன்று நாள் மட்டும் போய்வந்தார். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. எனக்குப் பகல் முழுக்கச் சும்மா இருக்கவேண்டியிருந்தது. சும்மா இருந்து எனக்குப் பழக்கமில்லை.

முதலில் வந்தது ஒரு செவலை நிற பெட்டை நாய். எங்கேயோ குட்டி போட்டுவிட்டு, மடி தொங்க, கேட்டுக்கு வெளியே வந்து நின்றது. மீந்த சோற்றை ஒரு பழைய அலுமினியத் தட்டில் போட்டு வைத்தேன். மறுநாள் அதே நேரத்துக்கு வந்தது. பத்து நாள் கழித்து ஒரு இளவட்ட நாயைக் கூட்டிக்கொண்டு வந்தது. மழை தொடங்கியபோது மூன்றாவதாக ஒரு கறுப்பன் சேர்ந்துகொண்டான். ஒரு காது பாதி கிழிந்து போனவன். மற்ற இரண்டும் தின்று முடிக்கும்வரை தள்ளி நின்று பார்ப்பான். நான் உள்ளே போன பிறகுதான் தட்டில் வாய் வைப்பான். மூன்று பேரில் அவனைத்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

வெறும் சோறு போதவில்லை என்று, ரோட்டோரக் கறிக்கடையில் கழுத்து, கால், தோல் எல்லாம் கேட்டு வாங்கிவந்து மஞ்சள் தூள் போட்டு வேகவைத்துக் கலந்து வைப்பேன். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. "கேட்டுக்கு வெளியவே வை" என்றார், அவ்வளவுதான்.

எங்கள் காம்பவுண்டை ஒட்டி ஒரு அக்காவின் வீடும் தோட்டமும். அவருடைய வீட்டுக்காரர் இறந்து நான்கைந்து வருஷம் ஆகிறது. பையன்கள் திருப்பூரில் வேலையாக இருக்கிறார்கள். கொல்லையில் இருபது நாட்டுக்கோழிகள் மேயும். என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். நர்ஸ் என்பதாலா, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள் என்பதாலா என்று நான் கேட்டுக்கொண்டதில்லை. குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் எங்களுக்கு வரும். எங்கள் வீட்டில் கேக் செய்தால் அங்கே போகும். அப்படி நன்றாகத்தான் இருந்தோம்.

ஒரு ஞாயிறு காலை நாங்கள் சர்ச்சில் பூசைக்குப் போயிருந்தோம். அக்கா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவர்தான் முதலில் திரும்பியிருக்கிறார். நாங்கள் வண்டியை நிறுத்தும்போது அக்கா எங்கள் கேட்டுக்கு முன்னால் பட்டுப்புடவையோடு நின்றுகொண்டிருந்தார். அவர் காலடியில், என் மூன்று தட்டுகளுக்குப் பக்கத்தில், பாதி தின்ற ஒரு கோழி கிடந்தது. சுற்றிலும் இறகு.

"நாலு போச்சுங்க சிஸ்டர்" என்றார். "அடைகாத்துட்டு இருந்ததும் போச்சு. நான் வாரப்ப மூணும் கொல்லைக்குள்ளதான் நிக்குது. வெரட்டுனா கறுப்பு ஒண்ணக் கவ்வீட்டு நேரா இங்கதான் ஓடியாருது."

அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் அவசரமாகச் சொன்னேன்: "அக்கா, அது எங்க நாய் இல்லைங்க. தெரு நாய்தானே."

அக்கா தட்டுகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சோறு போடறது யாருங்க?"

வீட்டுக்காரர் குனிந்து அந்தக் கோழியை எடுத்துக்கொண்டு போய்த் தோட்டத்து ஓரத்தில் குழி வெட்டினார்.

அக்காவின் கையில் உயிரோடு இன்னொரு கோழி இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். முந்தானைக்குள் வைத்திருந்தார். முதுகில் தோல் ஒரு விரல் நீளம் கிழிந்து, உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை, மாட்டாஸ்பத்திரி பூட்டியிருக்கும். "அறுத்துர்றனுங்க, பாவம்" என்றார் அக்கா. நான் வேண்டாம் என்று சொல்லி உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். இருபத்தெட்டு வருஷம் டாக்டர்கள் தைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். ஊசியையும் நூலையும் கொதிக்கவைத்து, காயத்தை உப்புத் தண்ணீரில் கழுவி, ஒட்டியிருந்த இறகுகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, துவைக்கிற கல்லின் மேல் வைத்துத் தைத்தேன். அக்கா அதன் தலையை உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொண்டு, "சித்த பொறுத்துக்க சாமி, ஆச்சு சாமி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒன்பது தையல்.

சாயந்திரம் அக்காவின் தம்பி வந்தார். ஓடைக்கு அந்தப் பக்கம் பட்டி போட்டு மேச்சேரி ரகச் செம்மறி ஆடுகள் வைத்திருப்பவர். போன வருஷம் ஒரே காலையில் மூன்று குட்டிகளை நாய்களிடம் பறிகொடுத்தவர் என்று அக்கா முன்பே சொல்லியிருந்தார். அவர் எங்கள் வாசலில் உட்காரவில்லை.

"ஏனுங்க, கறியில மருந்து வெச்சுப்புடலாம்னு இருக்கறனுங்க. உங்ககிட்டச் சொல்லாமச் செய்யக்கூடாதுன்னு அக்கா சொன்னாங்க. அதான் வந்தேன்."

நான் அவரிடம் மன்றாடினேன் என்றுதான் சொல்லவேண்டும். அது சட்டப்படி குற்றம் என்றேன். மருந்து வைத்த கறியை வேறு ஏதாவது தின்னும், கோழியே தின்னும் என்றேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நீங்க சோறு போட்டுட்டு ஊட்டுக்குள்ள போயிர்றீங்க. அதுக பொழுதுக்கும் எங்க போகுது, என்ன பண்ணுதுன்னு உங்களுக்குத் தெரியாதுங்க. எங்களுக்குத் தெரியும்."

"ஒரு வாரம் குடுங்க" என்றார் என் வீட்டுக்காரர், பின்னால் நின்றபடி.

"சரிங்க அண்ணா. ஒரு வாரம்."

சோறு வைப்பதை நிறுத்திவிடுகிறேன் என்று அன்றைக்கே நான் சொன்னேன். வீட்டுக்காரர் தலையாட்டி மறுத்தார். "பசியோட விட்டா இன்னும் மோசமாப் போகும். இப்ப நிறுத்தறது லாரியை மேட்டுல நியூட்ரல் பண்ற மாதிரி." திங்கட்கிழமை கால்நடை டாக்டரிடம் போனோம். சின்ன வயதுக்காரர். நாய்களைப் பிடித்துக் கட்டிக்கொண்டு வந்தால் தடுப்பூசி போடலாம், கருத்தடைக்கு ஏற்பாடு செய்யலாம் என்றார். கோழிகளுக்கு வேலி போடாமல் நாயை மட்டும் பிடித்துப் பிரயோஜனமில்லை, இந்த மூன்று போனால் வேறு மூன்று வரும் என்றும் சொன்னார். பிறகு, நான் கறிக்கழிவு போட்டதைக் கேட்டுவிட்டு, "அதை மட்டும் விட்டுடுங்கம்மா" என்றார்.

பட்டறையில் கழித்துப்போட்ட பழைய போர்வெல் இரும்பு ராடுகளைக் கேட்டு ஒரு மினி லாரியில் ஏற்றிவந்தார் வீட்டுக்காரர். அக்காவின் கொல்லையில் அவற்றைக் கம்பமாக நட்டு வலைக்கம்பி கட்டினோம். அக்காவுக்கு முதலில் மனசே இல்லை.

"அடைச்சு வெச்சா பண்ணைக்கோழியாட்ட ஆயிருமுங்க. இந்தப் பக்கம் கூண்டுக்குள்ள இருக்கற கோழி பத்தாதா? இதுகளாவது மேயட்டும்னுதான் விட்டிருக்கறேன்."

பகலில் ஆள் இருக்கும்போது திறந்துவிடலாம், வீட்டில் ஆள் இல்லாத நேரத்துக்கு மட்டும் உள்ளே என்று பேசி முடிவு செய்தோம். வலையை மண்ணோடு நிறுத்தாமல், இரண்டடி வெளிப்பக்கம் மடித்துத் தரையில் படுக்கப்போட்டு, மேலே கல் அடுக்கினார் வீட்டுக்காரர். நாய் வேலியின் அடிக்கே வந்துதான் தோண்டும், எட்டி நின்று தோண்ட அதற்குத் தெரியாது என்றார். ரிக் வேலையில் எங்கோ ஒரு கேம்ப்பில் கற்றுக்கொண்டதாம். அக்கா கல் எடுத்துக் கொடுத்தார். நான் கட்டுக்கம்பி முறுக்கினேன். கை முழுக்கக் கீறல்.

செவலையைப் பிடிப்பதில் கஷ்டமே இல்லை. கழுத்தில் கயிற்றைப் போட்டதும் ஏதோ அதற்காகவே இத்தனை நாள் காத்திருந்ததுபோலப் படுத்துவிட்டது. இளவட்டம் அரை நாள் கத்தியது, பிறகு செவலையின் பக்கத்தில் சுருண்டுகொண்டது. கறுப்பன்தான் கிட்டவே வரவில்லை. அவனுடைய தட்டை முதல் நாள் கேட்டின் படிக்கு மாற்றினேன். அடுத்த நாள் கேட்டுக்கு உள்ளே ஓரடி. அதற்கடுத்த நாள் இன்னும் உள்ளே. ஐந்தாம் நாள் காலை, அவன் தலையைக் குனிந்து தின்றுகொண்டிருந்தபோது வீட்டுக்காரர் கேட்டைச் சாத்தினார்.

அவன் காம்பவுண்டு முழுக்க ஓடினான். சுவரில் மோதினான். பிறகு தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். கயிறு போடப் போனால் பல்லைக் காட்டினான். இரண்டு நாள் பொறுத்தால் பழகிவிடுவான் என்று விட்டுவிட்டோம். அக்காவின் தம்பிக்குச் சொல்லி அனுப்பினேன், மூன்றும் உள்ளே இருக்கிறது என்று. ரொம்பப் பெருமையாகத்தான் சொல்லி அனுப்பினேன்.

மூன்றாம் நாள் காலை தொட்டிக்கு அடியில் அவன் இல்லை. மீந்த வலைக்கம்பிச் சுருளை நாங்களே சுவரோரம் சாய்த்து வைத்திருந்தோம். அதில் ஏறித் தாண்டியிருக்கிறான். சுருளின் மேல் முடி ஒட்டியிருந்தது.

அன்று காலை பத்து மணி இருக்கும். அக்காவின் தம்பி வந்தார். கேட்டுக்கு உள்ளே வராமலே சொன்னார்.

"சிஸ்டருங்க, கறுப்பப் போட்டுட்டனுங்க. பட்டிக்குள்ள நிந்துது. ஒரு குட்டியக் கடிச்சுப்போட்டுது. தடியில அடிச்சேன். மருந்தெல்லாம் வெக்கலீங்க. உங்ககிட்டச் சொல்லோணும்ல, அதான் வந்தேன்."

கோபம் வரவேண்டும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. அப்போதுதான் அவருடைய வலது கையைப் பார்த்தேன். மணிக்கட்டில் துண்டைச் சுற்றியிருந்தார்.

"கையில என்னங்க?"

"ஒண்ணுமில்லீங்க. அடிக்கறப்பப் பல்லு பட்டுது. மஞ்சத்தூள் வெச்சிருக்கறேன்."

"உள்ள வாங்க."

"பரவால்லீங்க, வேலை கெடக்குது..."

"உள்ள வாங்கன்னு சொல்றேன்ல!"

வார்டில் பேசுகிற குரல் அது. ஓய்வு வாங்கிய பிறகு அன்றைக்குத்தான் வெளியே வந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். வெளிக்குழாயில் தண்ணீரைத் திறந்துவிட்டு, துண்டை அவிழ்த்து, மஞ்சளைக் கழுவி, சோப்புப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பதினைந்து நிமிஷம் அந்தக் காயத்தைக் கழுவினேன். ஆழமான காயம்தான், இரண்டு பல் இறங்கியிருந்தது. பதினைந்து நிமிஷம் என்பது இரண்டு பேர் பேசாமல் நிற்பதற்கு மிக நீளமான நேரம். பாதியில் அவர், "உங்களுக்கு வருத்தமாத்தான் இருக்குமுங்க" என்றார்.

"இருக்குங்க" என்றேன். "கையை அசைக்காதீங்க."

கறுப்பனுக்குத் தடுப்பூசி போட்டிருக்கவில்லை. மற்ற இரண்டுக்கும் போட்டாயிற்று. அவனைத்தான் தொட முடியவில்லையே. வீட்டுக்காரர் பட்டறைக்குப் போயிருந்ததால் நானே ஸ்கூட்டியில் அக்காவின் தம்பியைப் பின்னால் உட்காரவைத்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். காயத்தைச் சுற்றி ஊசி போட்டபோது அந்தப் பெரிய மனுஷர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். மீதி ஊசிகளுக்கு வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன், காயம் ஆறியதும் சீட்டையே தொலைத்துவிடுவார்கள். அதனால் சீட்டை நானே வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் பட்டி வாசலுக்கே போய் ஹாரன் அடித்தேன். ஆடுகளெல்லாம் திரும்பிப் பார்க்கும். அவர் அலுத்துக்கொண்டே சட்டையை மாட்டிக்கொண்டு வருவார்.

அக்காவின் கோழி பிழைத்துக்கொண்டது. முதுகில் இறகு முளைக்காத ஒரு கோடு மட்டும் நின்றுவிட்டது. அடுத்த மாதம் கருத்தடை முடிந்து செவலை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்து, பிறகு எழுந்தது. இரண்டும் இப்போது காம்பவுண்டுக்குள்ளேதான். காலையும் மாலையும் கயிற்றோடு ஓடைவரை நடத்திக்கொண்டு போகிறேன். வெறும் சோறும் மோரும் முட்டையும்தான் போடுகிறேன். அக்கா வீட்டு வேலிக்கு அருகே போனால் இளவட்டத்துக்கு இன்னமும் காது நிமிரும். கயிற்றைக் குட்டையாகப் பிடித்துக்கொள்வேன். புதிதாக ஒரு வெள்ளை நாய் இரண்டு தடவை கேட்டில் வந்து நின்றது. நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். பிறகு அது வரவில்லை.

கடைசி ஊசிக்குப் போனது இருபத்தெட்டாம் நாள். ஆஸ்பத்திரியில் கூட்டம். டோக்கன் வாங்கிக்கொண்டு வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மழை வருமா, தீவனம் என்ன விலை என்று பேசிக்கொண்டிருந்தார். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"உங்ககிட்டச் சொல்லலீங்க. அன்னைக்கு அந்தக் கறுப்பு என்னயப் பாத்து ஓடலீங்க. மத்த நாய்க எல்லாம் ஆளப் பாத்தா ஓடீருமுங்க. இது கவ்வீருந்த குட்டிய விட்டுட்டு, மொதல்ல வாலாட்டுச்சுங்க."

நான் மடியில் இருந்த சீட்டை இரண்டாக மடித்தேன். மறுபடி பிரித்தேன். ஆள் வந்தால் சோறு வரும் என்று அதற்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"டோக்கன் கூப்பிடறாங்க" என்றேன். அவர் எழுந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே உள்ளே போனார்.