மூன்றாம் வாரத்தில் கரைந்த கட்டி

1. பத்து மணிக்கு வராத ஆள்

திங்கட்கிழமை காலை பத்து மணி. மெஷின் சூடேறித் தயாராக இருந்தது. ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நானும் தயார். நாற்காலியில் வந்து உட்கார வேண்டிய காளியப்பனை மட்டும் காணோம்.

சேலத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் டீப் எக்ஸ்ரே மெஷின் ஓட்டியவன் நான். புற்றுக்கட்டிக்குக் கரண்ட் வைக்கிற மெஷின் அது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. மேட்டூரில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன். ஐம்பதுகளில் இந்த மெஷினை மாட்ட வந்தவர்களுக்குக் கைவேலை செய்யச் சேலம் வந்தேன். அவர்கள் மாட்டிவிட்டுப் போனார்கள், நான் நின்றுவிட்டேன். பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். பக்கத்து மில்லில் ஷிப்ட் தொடங்கினால் வோல்டேஜ் இறங்கும். மீட்டர் முள் அசைவதற்கு முன்பே டிரான்ஸ்பார்மரின் உறுமலை வைத்து எனக்குத் தெரிந்துவிடும், ஏற்றிச் சரிசெய்துவிடுவேன். பில்டர் தகடு போடாமல் ஓட்டினால் தோல் வெந்துபோகும். நான் ஒரு நாளும் மறந்ததில்லை. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். இந்த ஜில்லாவில் அந்த மெஷினை என்னைப்போல் ஓட்டியவன் கிடையாது.

காளியப்பன் மேச்சேரிப் பக்கத்து ஆட்டுக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் இடப்பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி. துண்டு வெட்டிப் பார்த்து, புற்று என்று எழுதியிருந்தார்கள். ஞாயிறு தவிர்த்துத் தினமும் கரண்ட், மொத்தம் ஐந்து வாரம். மனைவி பாவாயியோடு ஆஸ்பத்திரி ஷெட்டிலேயே தங்கிச் சமைத்துச் சாப்பிட்டு வந்தார். மூன்றாம் வாரக் கடைசியில் கட்டி கரைந்துவிட்டது. நானே தடவிப் பார்த்தேன். தோல் கறுத்திருந்ததே தவிர, கைக்கு ஒன்றும் தட்டவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவர் கேட்டார்: "ஏனுங்கண்ணா, கட்டி போயிருச்சுங்களா?"

"போச்சு காளியப்பா. நம்ம மெஷின் தொட்டது எதுவும் தங்காது. நீ பொழச்சுட்டே."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு மார்பு விரிந்தது. டாக்டர் சொல்ல வேண்டிய வார்த்தையை நான் சொல்கிறேன் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

திங்கட்கிழமை ஆள் இல்லை. ஷெட்டில் அடுப்புக்கல் மட்டும் இருந்தது. யாருக்கு எத்தனை கரண்ட் என்று எழுதிக் கொடுக்கும் டாக்டரம்மா அந்த வாரம் சென்னைக்குப் போயிருந்தார். நான் அடுத்த ஆளை உட்கார வைத்து வேலையைப் பார்த்தேன். செவ்வாய், புதன் என்று வாரமே போனது. கட்டிதான் போய்விட்டதே, வராவிட்டால் என்ன என்று நினைத்தேன்.

2. மைக்ராஸ்கோப்பில் பார்த்தது

டாக்டரம்மா அதட்டிப் பேசமாட்டார். அதுதான் பயம். அடுத்த திங்கட்கிழமை ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டே கேட்டார்:

"சவரிமுத்து, காளியப்பன் பேருக்கு நேரா ஒரு வாரமா டிக் இல்லையே?"

"கட்டி கரைஞ்சுடுச்சும்மா. ஊருக்குப் போயிட்டான்."

"யார் போகச் சொன்னது?"

"போகச் சொல்லலம்மா. 'நீ பொழச்சுட்டே'ன்னு மட்டும் சொன்னேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. எழுந்து லேபுக்கு நடந்தார், நான் பின்னால் போனேன். பெட்டியிலிருந்து ஒரு கண்ணாடிச் சில்லை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து, "பார்" என்றார். காளியப்பன் கழுத்திலிருந்து வெட்டி எடுத்த துண்டுதான் அது.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, தெளித்த மாதிரி ஊதாப் பொட்டுகள் தெரிந்தன. அதில் ஒன்றைக் காட்டினார். பொட்டின் நடுவே கறுப்பாகச் சிறு சிறு நூல்கள் வரிசை கட்டி நின்றன. இன்னொன்றில் அந்த வரிசை இரண்டாகி, ஆளுக்கொரு பக்கமாக விலகிக்கொண்டிருந்தது. அதற்கும் பக்கத்தில் ஒன்று இடுப்பு ஒடுங்கி, இதோ இரண்டாகப் போகிறேன் என்று நின்றது.

"இதெல்லாம் செல். நம்ம உடம்பு பூரா இதுதான்" என்றார். "ஒரு செல் வளரும். உள்ளே இருக்கிற நூலை இன்னொரு பங்கு பண்ணிக்கும். அப்புறம் ரெண்டாப் பிரியும். பிரிஞ்சது ஓய்வெடுக்கும், மறுபடி வளரும். இதுதான் அதோட சுத்து. எப்ப நிறுத்தணும்னு நல்ல செல்லுக்குத் தெரியும். புற்றுக்குத் தெரியாது."

"நாமதான் அதைக் கொன்னுட்டமேம்மா?"

"எத்தனையை? இந்தச் சில்லுல எத்தனை பிரிஞ்சுக்கிட்டிருக்கு, எண்ணிப் பார்."

எண்ணினேன். அவ்வளவு கூட்டத்தில் நாலைந்துதான் தேறியது. மற்றவையெல்லாம் சும்மா இருந்தன.

"நம்ம கரண்ட் எல்லாத்து மேலயும் படுது. ஆனா பிரியற சமயத்துல இருக்கிறதுதான் சுலபமா அடிபடும். சும்மா இருக்கிறதுல பாதி தப்பிச்சுக்கும். நாளைக்கு அதுல சிலது பிரியக் கிளம்பும், அப்ப அடிக்கணும். அதனாலதான் தினமும் கொஞ்சம் கொஞ்சமா வைக்கிறோம். நடுவுல நல்ல தோலு ஆறிக்கும். கையில தட்டற கட்டிதான் கரைஞ்சிருக்கு, சவரிமுத்து. தட்டாத அளவுல எவ்வளவு இருக்கோ, எனக்கும் தெரியாது. ஒன்பது நாளா நாம அடிக்கல. ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும்."

அதுவரை புற்று என்றால் குழாயில் பிடித்த பாசி மாதிரி, சுரண்டினால் போய்விடும் என்றுதான் நினைத்திருந்தேன். அது உயிரோடு இருந்து வேலை பார்க்கிறது என்று அன்றுதான் கண்ணால் கண்டேன். எத்தனையோ வருஷம் படித்ததை, மூன்றாம் வகுப்புக்காரனுக்கு நின்றபடியே புரியவைத்த அந்தம்மாவை நினைத்தால் இப்போதும் கை கூப்பத் தோன்றுகிறது.

"இன்னைக்கே போய்க் கூட்டிட்டு வா" என்றார். "இன்னும் தாமதமானா மூணு வாரம் வச்சதும் வீண், அவனும் வீண்."

3. பட்டியில் நடந்த பேச்சு

மேச்சேரி பஸ்ஸில் இறங்கி இரண்டு மைல் நடந்தேன். காளியப்பன் பட்டிக்குள் நின்றிருந்தார், கையில் ஈரம் காயாத குட்டி. எண்ணெய் தேய்த்துக் குளித்து, கரண்ட் விழ வேண்டிய இடத்துக்காகக் கழுத்தில் நாங்கள் வைத்த ஊதா மை அடையாளத்தைச் சுத்தமாகக் கழுவியிருந்தார்.

"வாங்கண்ணா! பாருங்க, நேத்து மூணு குட்டி, இன்னைக்கு ரெண்டு. மோர் குடிக்கறீங்களா?"

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். செல் என்றேன், டிவிஷன் என்றேன், இன்னும் வாய்க்கு வந்த இங்கிலீஷையெல்லாம் சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்புப் போனதே தவிர, விஷயம் ஏறவில்லை.

"அன்னைக்குப் போச்சுன்னீங்க. இன்னைக்கு இருக்குதுங்கறீங்க. நான் எதைங்க நம்பறது? இருவது ஆடு சினையா நிக்குதுங்கண்ணா. உட்டுப்போட்டு எப்படி வாரது?"

மெஷினைப் பற்றி ஆயிரம் பேசியவன் நான். அங்கே நின்று சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்றுதான் இருந்தது. கடைசியில் சொன்னேன்: "அன்னைக்கு நான் சொன்னது தப்பு, காளியப்பா. எனக்குத் தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

அவர் குட்டியைக் கீழே விட்டார். சோளத்தட்டு கட்டிக்கொண்டிருந்த பாவாயிதான் நிமிர்ந்து கேட்டார்:

"ஏனுங்கண்ணா, அந்தக் கரண்டு சும்மா இருக்கறதை உட்டுப்போட்டு, ரெண்டாப் பிரியறதைத்தான் புடிக்குமுங்களா?"

"டாக்டரம்மா அப்படித்தாம்மா சொன்னாங்க."

"அப்ப அது நரியாட்டம்." அவர் புருஷன் பக்கம் திரும்பினார். "கேளுங்க மாமா. ஓடற ஆட்டை நரி புடிக்குமா? ஈனுறதுக்குப் படுத்திருக்கற ஆட்டைத்தான் புடிக்கும். பட்டியில அத்தனை ஆடும் ஒரே நாள்லயா ஈனுது? நேத்து மூணு, இன்னைக்கு ரெண்டு. நரி ஒரு நாளைக்கு வந்துட்டுப் போனாப் பட்டி காலியாயிருமா? தெனம் வரோணுமுங்க."

காளியப்பன் பட்டியைப் பார்த்தார். ஒரு மூலையில் ஓர் ஆடு தனியாகக் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தது.

"ஒம்பது நாளா நரியே வரலை" என்றார் மெதுவாக. "அப்ப உள்ளுக்குள்ள…"

"பெருகியிருக்குமுங்க. கெளம்புங்க."

"ஆடு?"

"நாலு ஆடு செத்தாச் சாவட்டும். நான் இருக்கறேன்."

"நீ இல்லாம அங்க எனக்கு யாரு சோறாக்குவா?"

"என் ஊட்டுல சாப்பிடு" என்றேன். "என் சம்சாரம் காரம் கொஞ்சம் தூக்கலாப் போடுவா. அவ்வளவுதான்."

"இவரு காரம் தின்னாத்தானுங்கண்ணா பேசாம இருப்பாரு" என்றார் பாவாயி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் நாங்கள் வரப்பில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது, முந்தானையை வாயில் வைத்து நின்றிருந்தார்.

4. கடைசி நாள்

மறுநாள் டாக்டரம்மா புதிதாக ஊதா மை வைத்தார். மிச்சமிருந்த இரண்டு வாரத்தோடு, விட்ட நாளுக்கு ஈடாக இன்னும் சில நாள் கூட்டினார். கழுத்துத் தோல் உரிந்து ரணமானது. விழுங்கும்போது காளியப்பன் கண்ணில் தண்ணீர் வரும். என் வீட்டில் அவருக்கென்று உப்பும் காரமும் இல்லாத கஞ்சி வைத்தார்கள். ஒரு நாள்கூட அவர் தவறவில்லை. பத்து மணி என்றால் ஒன்பதரைக்கே பெஞ்சில் இருப்பார்.

நரிக் கதையை டாக்டரம்மாவிடம் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார். "இத்தனை வருஷமா நான் பேஷண்டுகளுக்குச் சொல்லிப் புரியாததை அந்தம்மா ஒரே மூச்சில் சொல்லிட்டாங்களே" என்றார். அதன்பிறகு பட்டிக்காட்டிலிருந்து யார் வந்தாலும், நடுவில் ஓடிப் போகாமலிருக்க, நரியைத்தான் சொல்வார். சொன்னது யார் என்றும் சேர்த்துச் சொல்வார். அந்தக் குணம் எனக்கு வர நாளாயிற்று.

கடைசிக் கரண்ட் முடிந்த அன்று பாவாயியும் வந்திருந்தார். ஆடு ஒன்றுதான் போயிற்றாம். டாக்டரம்மா கழுத்தின் இரு பக்கமும், அக்குளிலும் வெகுநேரம் அழுத்திப் பார்த்தார்.

"முடிஞ்சுதுங்களா?" என்றார் காளியப்பன்.

"கரண்ட் முடிஞ்சுது. இன்னைக்குக் கையில ஒண்ணும் தட்டல. மூணு மாசம் கழிச்சு வாங்க."

காளியப்பன் என்னைப் பார்த்தார். நான் பில்டர் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

"சவரியண்ணன் பேசாம இருக்கறதைப் பார்த்தாத்தானுங்க எனக்குப் பயமா இருக்குது" என்றார். டாக்டரம்மாவே சிரித்துவிட்டார்.

இந்த வேலைக்கு இப்போது வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். மெஷினை நன்றாக ஓட்டுங்கள், என்னைப்போலப் பெருமையாகவும் ஓட்டுங்கள். ஆனால் கை சொல்வதை நம்பி நோயாளிக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்று தன் சுற்றைச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் விடாமல் வரச்செய்வதுதான் நம் வேலை.

காளியப்பன் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்தார், பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் பாவாயியும் கூட வருவார். ஆறாவது வருஷம், டாக்டரம்மா காளியப்பன் கழுத்தைப் பார்த்துவிட்டு, "இனிமே வருஷத்துக்கு ஒரு தடவை வந்தாப் போதும்" என்றார்.

போதும் என்றுதான் சொன்னார். முடிந்துவிட்டது என்று அவரும் சொல்லவில்லை.